16 வயதில் பாரா எஸ்.எஃப் கனவு: மூட்டை தூக்கி மலை ஏறலாமா?

காவேரிப்பட்டினம் பையன்:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன், வயது 16, உயரம் 169, எடை 54. ஆர்மியில் சேர்ந்து, பாராசூட் ரெஜிமென்ட்டின் கமாண்டோ படையான பாரா எஸ்.எஃப் (ஸ்பெஷல் ஃபோர்சஸ்) போக வேண்டும், வேறு எண்ணமே இல்லை. யூடியூபில் கமாண்டோ பயிற்சி வீடியோக்களைப் பார்த்து நானாகவே செய்துகொண்டிருக்கிறேன். காலை நாலரைக்கு எழுந்து தார் ரோட்டில் ஓட்டம், அப்புறம் தண்டால், பஸ்கி. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் பையில் 15 கிலோ மணலைக் கட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி மலைக்கோட்டை ஏறி இறங்குவேன். 1600 மீட்டர் 6 நிமிடம் 50 விநாடி வருகிறது, பீம் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது) 3 தான் வருகிறது. இப்போது இரண்டு காலிலும் முட்டிக்குக் கீழே முன் எலும்பில் வலி. மணலை 20 கிலோ ஆக்கலாமா, இல்லை இந்த வலி பழகிப் போகும்வரை 15-லேயே இருக்கலாமா? புரோட்டீன் பவுடர் கட்டாயமா? வீட்டில் ராகிக் களி, சோறு, குழம்புதான்.

பர்கூர் ஹவில்தார்:
தம்பி, 20-ம் வேண்டாம், 15-ம் வேண்டாம், பையை இன்றைக்கே கழற்றி வை. நான் மதராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து ஓய்வு பெற்றவன். எஸ்.எஃப் ஆள் இல்லை, ஆனால் எங்கள் யூனிட்டில் இருந்து விருப்பம் கொடுத்துப் போனவர்களையும், போன வேகத்தில் திரும்பி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் வழியைத் தெரிந்துகொள். வெளியில் இருந்து யாரும் நேராக எஸ்.எஃப் ஆகிவிட முடியாது. ஆள்சேர்ப்பிலேயே பாராசூட் ரெஜிமென்ட்டுக்குப் போகிறவர்கள் உண்டு, மற்ற ரெஜிமென்ட்டில் இருந்து வாலண்டியராகப் போகிறவர்களும் உண்டு. அவர்களின் பயிற்சி மையம் வேறெங்கோ இல்லை, உனக்குப் பக்கத்தில் பெங்களூரில்தான் இருக்கிறது. எப்படிப் போனாலும் மூன்று மாத ப்ரொபேஷனை, அதாவது ஆளைச் சோதித்துப் பார்க்கிற காலத்தை, தாண்ட வேண்டும், அதில் பெரும்பாலானவர்கள் தேறாமல் திரும்பிவிடுவார்கள். அங்கே தூக்கம் இல்லாமல், ராத்திரியில், மூட்டையோடு நடக்கவைத்து, அந்த நிலையிலும் சொன்ன வேலையைச் சரியாகச் செய்கிறாயா என்று பார்ப்பார்கள். அதெல்லாம் நீ ஆர்மியில் சேர்ந்த பிறகு வரப்போகிற சங்கதி, இப்போது அதை ஒத்திகை பார்க்க வேண்டியதில்லை.

உனக்கு முன்னால் நிற்பது அக்னிவீர் ஆள்சேர்ப்பு, இப்போது சிப்பாயாகச் சேர அதுதான் வழி. பதினேழரை வயது ஆக வேண்டும். நம் பக்கத்துக்கு ஜெனரல் டியூட்டிக்கு உயரம் 166, அது உன்னிடம் இருக்கிறது. 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் முழு 60 மதிப்பெண், பீம் 10 அடித்தால் 40. ஒன்பது அடி பள்ளம் தாண்ட வேண்டும், ஜிக்ஜாக் பேலன்ஸ், அதாவது வளைந்து வளைந்து போகிற குறுகலான கட்டை மேல் விழாமல் நடக்க வேண்டும். 2023-ல் இருந்து ஆன்லைன் எழுத்துத் தேர்வு முதலில், அதில் தேறினால்தான் கிரவுண்டில் உடல்தகுதித் தேர்வு. பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 33 இருக்க வேண்டும். உன் மார்க் என்ன என்று நீ எழுதவே இல்லை, அதனால் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது!

400 மீட்டர் டிராக்கில் கணக்குப் போட்டுப் பார். 5:30 என்றால் சுற்றுக்கு 82 விநாடி, நீ இப்போது 102-ல் இருக்கிறாய். அந்த 20 விநாடியை மணல் மூட்டை குறைக்காது. நிதானமான நீண்ட ஓட்டம்தான் குறைக்கும், பக்கத்தில் ஓடுகிறவனோடு பேசிக்கொண்டே ஓடுகிற வேகம், வாரத்தில் மூன்று நாள். ஒரு நாள் மட்டும் 400 மீட்டர் வேகமாக, நடுவில் நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டு, நாலு தடவை போதும். மலைக்கோட்டையை விட வேண்டாம், வெறும் உடம்போடு ஏறு, இறங்கும்போது குதிக்காமல் நடந்து இறங்கு. ஒரு நாள் முழு ஓய்வு. ஆனால் இதெல்லாம் கால் வலி போன பிறகு.

தகடூர் சிங்கம்:
வலியைத் தாங்காதவன் கமாண்டோ ஆக முடியாது ப்ரோ. ஐஸ் வைத்துவிட்டு ஓடு. நாங்கள் எல்லாம் அப்படித்தான் ஓடினோம்.

தருமபுரி பிசியோ:
சிங்கம் சார், தசை வலி வேறு, எலும்பு வலி வேறு. கடினமாகப் பயிற்சி செய்த மறுநாள் தொடை பிடித்துக்கொண்டால் அது இரண்டு மூன்று நாளில் போய்விடும். முன் எலும்பு வலி அப்படி இல்லை. தார் ரோடு, தேய்ந்த ஷூ, திடீரென்று கூட்டிய தூரம், மேலே ஒரு மணல் மூட்டை என்று எல்லாம் சேர்ந்து வருகிறது. அதன் மேலேயே தொடர்ந்து ஓடினால் எலும்பில் மயிரிழை விரிசல் விழலாம், அப்புறம் மாதக்கணக்கில் கிரவுண்டை வெளியில் நின்று பார்க்க வேண்டியதுதான். 16 வயதில் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

தம்பி, ஒன்று செய்து பார். வலிக்கிற இடத்தை விரலால் அழுத்து. எலும்பு நீளத்துக்குப் பரவலாக வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி ஓய்வு கொடு, அதுவரை சைக்கிள் மிதிக்கலாம். நடக்கும்போதே வலி இல்லை என்ற பிறகு மண் தரையில் மெல்ல ஆரம்பி. ஒரே புள்ளியில் சுரீர் என்று வலித்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பு டாக்டரிடம் போ, தள்ளிப்போடாதே. இந்த விஷயத்தில் மட்டும் வீட்டில் மறைக்காதே.

அப்படியே பாதம் தட்டையா, நேராக நின்றால் முட்டி இரண்டும் இடித்துக்கொண்டு கணுக்கால் அகன்று நிற்கிறதா என்றும் காட்டிவிடு. மெடிக்கலில் பையன்கள் திரும்புவதற்கு இவையும் காரணம். நம் இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், அது பல்லோடு எலும்பையும் பாதிக்கிறது என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிக்க அந்தக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வை.

காவேரிப்பட்டினம் பையன்:
நன்றி சார். அழுத்திப் பார்த்தேன், நீளமாகத்தான் வலிக்கிறது. பையைக் கழற்றிவிட்டேன். பத்தாவதில் 71 சதவீதம் ஹவில்தார் அண்ணா! பீமுக்கு என்ன செய்வது? ராத்திரி படிக்க 11 மணி ஆகிறது, நாலரைக்கு எழுந்தால் வகுப்பில் தூக்கம் வருகிறது, இது பழக்கத்தில் சரியாகுமா?

தருமபுரி பிசியோ:
சரியாகாது. உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும், நீ ஐந்தரையில் இருக்கிறாய். ஓட்டத்தைச் சாயங்காலத்துக்கு மாற்று. உடம்பு தேறுவது தூங்கும்போதுதான்.

பர்கூர் ஹவில்தார்:
71-ஆ, சபாஷ். எழுத்துத் தேர்வு கணக்கை இப்போதே தொட்டுவை.

பீமுக்கு ஆளுக்கு ஒரு ரகசியம் சொல்வார்கள், நம்பாதே. ஸ்டூல் போட்டு ஏறி, தாடை பாருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக இறங்கு. ஒரு தடவைக்கு ஐந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதோடு சும்மா தொங்கிக்கொண்டு இரு, பிடி ஏறும். உன் எடை 54 தான், சீக்கிரம் வரும். ஆட்டி ஆட்டி அடிக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம், முகாமில் அதை எண்ணவே மாட்டார்கள்.

பவுடர் வேண்டாம். களி இருக்கிற வீட்டுக்குக் கால்சியம் குறைவு இல்லை, குறைவது புரதம்தான். களியோடு கொள்ளுக் குழம்பு, சாயங்காலம் ஊறவைத்த நிலக்கடலை, தினமும் இரண்டு முட்டை, ராத்திரி ஒரு டம்ளர் பால். அம்மாவிடம் கேட்டால் மறுக்கப் போகிறார்களா என்ன. பவுடர் விற்கிறவன் உன்னை ‘சாம்பியன்’ என்று கூப்பிட்டால் உடனே இடத்தைக் காலி செய்.

பென்னாகரம் மீன்:
யாரும் நீச்சலைப் பற்றிப் பேசவில்லையே. எஸ்.எஃப் என்றால் தண்ணீரும் உண்டு, கடற்படையின் கமாண்டோ படையான மார்கோஸ் பக்கம் மனசு மாறினால் அதுதான் முதல் வேலை.

காவேரிப்பட்டினம் பையன்:
கிணற்றில் நன்றாக அடிப்பேன் அண்ணா. ஒகேனக்கல்லில் ஆற்றிலும் பழகலாம் என்று நினைத்தேன்.

பென்னாகரம் மீன்:
ஒகேனக்கல் வேண்டவே வேண்டாம் தம்பி. அங்கே பாறைக்கு அடியில் இழுக்கிற இழுப்பு மேலே தெரியாது, நீச்சல் தெரிந்தவர்களே அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். கிணற்றிலும் தனியாக இறங்காதே, மூச்சை அடக்கிப் பார்க்கிற விளையாட்டு கூடவே கூடாது, அதில் மயங்கினால் கரையில் இருக்கிறவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. கோச் இருக்கிற குளமாகப் பார்த்து ஃப்ரீஸ்டைலை ஒழுங்காகக் கற்றுக்கொள், கிணற்று நீச்சலில் தலை எப்போதும் மேலேயே இருக்கும், தூரம் போகாது. கால் வலி இருக்கிற இந்த வாரங்களிலேயே தொடங்கலாம், எலும்புக்கு அடி படாது, மூச்சும் வளரும். பிசியோ சார் சரி என்கிறாரா?

தருமபுரி பிசியோ:
தாராளமாக. தம்பி, குளத்தில் இருந்து ஏறும்போது ஈரத்தில் வழுக்காமல் மட்டும் பார்த்துக்கொள்.