மொகாலி தீ விபத்தால்தான் நாம் சிப் தயாரிப்பில் பின்தங்கினோமா?

மின்னணு_மாணவன்:
குஜராத்தின் தோலேராவில் வரும் டாடா சிப் ஆலை பற்றிப் பேச்சு வந்தாலே, "1989-இல் மொகாலி எரியாமல் இருந்திருந்தால் நாமும் தைவான் மாதிரி ஆகியிருப்போம்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். பஞ்சாபின் மொகாலியில் இருந்த அரசின் சிப் ஆலையான செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் 1984-இல் 5 மைக்ரானில் (சிப்பில் வரையும் மிகச் சிறிய கோட்டின் அளவு) உற்பத்தியைத் தொடங்கியது, 1989 பிப்ரவரி 7 அன்று தீயில் போனது, இது வரைக்கும் தெரியும். ஒரே ஒரு விபத்து ஒரு நாட்டின் கனவையே முடக்கிவிடுமா, இல்லை இது நாம் சொல்லிக்கொள்ளும் சாக்கா?

பழைய_ஃபேப்:
பாதி உண்மை. தீ எப்படிப் பிடித்தது என்பதே இன்றுவரை பொதுவெளியில் தெளிவாகச் சொல்லப்படவில்லை, அது ஒரு பக்கம் இருக்கட்டும். மறுபடி உற்பத்திக்கு வர 1997 ஆகிவிட்டது, அங்கேதான் அடி. தைவானின் பெரிய சிப் நிறுவனமான டிஎஸ்எம்சி தொடங்கியதே 1987-இல், நமக்கும் அவர்களுக்கும் அப்போது எட்டிப் பிடிக்க முடியாத தூரம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் எட்டு வருடம் சும்மா இருந்தால் இயந்திரம் பழசாகிவிடும், பழகிய பொறியாளர் வேறு வேலைக்குப் போய்விடுவார், அப்புறம் காசு கொடுத்தாலும் அந்த அனுபவம் திரும்பாது. அதே 1997 அக்டோபரில் தைவானின் சின்சுவில் யுஐசிசி என்ற புத்தம்புது ஃபேப் (சிப் செய்யும் ஆலை) எரிந்தது. அங்கே பக்கத்திலேயே இன்னும் பல ஃபேப்கள் ஓடிக்கொண்டிருந்ததால் தொழில் நிற்கவில்லை, நம்மிடம் பெரிதாக இருந்தது அந்த ஒன்றுதான்.

கிளீன்ரூம்_கண்ணன்:
மேலே சொன்னவருக்கு ஒரு சேர்க்கை. ஃபேப்பில் நெருப்பை விடப் புகைதான் பெரிய எமன். சிப்பை அமிலத்தில் கழுவும் அந்தக் காலத்துத் தொட்டி மேசைகள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக், பற்றினால் நிற்காது. காற்றைச் சுழற்றிச் சுத்தம் செய்யும் அமைப்பே புகையை அறை முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பிவிசி எரிந்தால் வரும் அமில ஆவி, தீயே தொடாத இயந்திரத்தையும் அரித்துவிடும். தீயை அணைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாத இடம் அது.

ஓசூர்வாசி:
மொகாலியை விடுங்கள், 2024 செப்டம்பர் 28-ஐப் பாருங்கள். எங்கள் ஓசூர் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ரசாயனப் பகுதியில் தீ, அதிகாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி உற்பத்தியை நிறுத்தினார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஐபோனின் பின்பக்கப் பாகத்தை இந்தியாவில் செய்துகொண்டிருந்தது அந்த ஓர் ஆலைதான், அதுவும் தீபாவளி விற்பனை நேரம், உடனே எல்லாக் கண்ணும் சீனாவில் இருந்து பாகம் வருமா என்றுதான் பார்த்தது. வெளிநாட்டு நிறுவனம் ஆர்டரைப் பிரித்துக் கொடுக்கும்போது இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் இருக்குமா?

தர_ஆய்வாளர்:
ஆனால் சீனாவில் என்ன நடந்தது? 2011-இல் செங்டு ஃபாக்ஸ்கானில் ஐபேட் உறைகளை மெருகேற்றும்போது சேர்ந்த அலுமினியத் தூசி வெடித்து ஆட்கள் செத்தார்கள். அதே வருடம் ஷாங்காயில் இன்னோர் ஆலையில் அதே தூசி. 2014-இல் குன்ஷானில் கார் சக்கரம் மெருகேற்றும் ஆலையில் மறுபடி அதே தூசி, சாவு நூறைத் தாண்டியது. ஆர்டர் ஒன்றும் ஓடிவிடவில்லை. விபத்து நடந்தால் முதலீடு போய்விடும் என்று சொல்லி முதலாளிகளைப் பயமுறுத்திப் பிரயோசனம் இல்லை, சீனாவை விட்டு அது போகவில்லையே என்பார்கள். மூன்று தடவையும் காரணம் ஒன்றே, தூசியை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடு சரியில்லை. தொழிலாளி உயிர் என்பதற்காகவே அதைச் செய்ய வேண்டும்.

ஓசூர்வாசி:
@தர_ஆய்வாளர் ஒப்புக்கொள்கிறேன் சார், ஆனால் இங்கே ஆர்டர் போகாவிட்டாலும் ஆட்கள் வேலையை விட்டுப் போவார்கள். இந்த ஆலைகளில் பெரும்பாலும் 20 வயதை ஒட்டிய பெண்கள், ஹாஸ்டலில் தங்கி ஷிப்ட் பஸ்ஸில் வருபவர்கள். 2021-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் பெண்களுக்கு ஹாஸ்டல் சாப்பாடு விஷமாகிப் போராட்டம் வெடித்தபோது ஆலை மூன்று வாரத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் அவசர வழிக் கதவுக்கு முன்னால் பேலட்டை (சரக்கு வைக்கும் பலகைச் சட்டம்) அடுக்கி வைத்திருப்பார்கள், தீயணைப்பு ஒத்திகை பகல் ஷிப்டுக்கு மட்டும்தான் நடக்கும், இரவு ஷிப்ட் பெண்களுக்கு அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தோலேராவில் ஆள் எடுக்கும்போதாவது முதல் வாரமே இரவில் ஒரு ஒத்திகை வையுங்கள்.