ஆசிரியர்களுக்கான கள ஆய்வு உதவித்தொகை: யாராவது போய் வந்திருக்கிறீர்களா?

வணக்கம். காரைக்குடி பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். போன தை மாதம் பிள்ளைகளை வேட்டங்குடிக்குக் கூட்டிப்போனேன். தீபாவளிக்குக்கூட வெடி போடாமல் பறவைகளைக் காக்கிற ஊர். கண்மாய்க் கரையில் ஒரு பெண் நத்தை ஓட்டை எடுத்து நீட்டினாள்; கீறல்கூட இல்லை, உள்ளே காலி. "ஓடு உடையாம நத்தைக்குத்தி நாரை எப்படி சார் தின்னுச்சு?" அலகின் கூர் நுனி உள்ளே போய்த் தசையை அறுப்பதைச் சொன்னேன். அடுத்த கேள்வி: "இத எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

அதைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு வந்து சொல்ல ஆசை. 1971இல் பாஸ்டனில் தொடங்கிய எர்த்வாட்ச் என்ற அமைப்பு, விஞ்ஞானிகளோடு கள ஆய்வுக்கு ஆசிரியர்களையும் செலவு ஏற்று அனுப்பியிருக்கிறது. இதுபோல நம் ஊர் ஆசிரியர்களைச் சேர்க்கும் திட்டம் எது? பறவை, ஈரநிலம் என்றால் ரொம்ப நல்லது. கடல் என்றாலும் சரி. அரசுப் பள்ளியில் இருப்பவர்கள் தடையின்மைச் சான்று யாரிடம், எத்தனை மாதம் முன்பே கேட்டு வாங்கினீர்கள்? அப்புறம், விண்ணப்பக் கட்டுரையைப் படித்துத் திருத்தித் தர யாராவது முன்வந்தால் பெரிய உதவி. மே விடுமுறை என்றால் உடனே கிளம்பத் தயார்.