பெரிய எழுத்து வேதாகமமும் ஒரு கேள்வியும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். ஞாயிறு சாயங்காலம் எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், ஏழெட்டுப் பேர் கூடி வேதம் வாசிக்கிறோம். பெரும்பாலும் கொழுந்தெடுக்கும் அக்காமார்தான்.

போன வாரம் மத்தேயு 6ஆம் அதிகாரம். ஆகாயத்துப் பறவைகள் வரை சரியாகத்தான் போனது. நாளைக்காகக் கவலைப்படாதே என்ற இடம் வந்ததும் ஒரு அக்கா நிறுத்தினார்: "மழையில கிலோ கொறஞ்சா அரைப்பேர்தான் போடுறாங்க. கடைக் கடனுக்கு யாரு தம்பி கவலைப்படுறது?"

அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்புறம் யாத்திராகமம் 16ஐ எடுத்தேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் கொடுத்த ஆகாரமாகிய மன்னா அன்றன்றைக்குத்தான் விழுந்தது. மீத்து வைத்தது புழுத்தது. ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பு. ஆனாலும் காலையில் போய்ப் பொறுக்கத்தான் வேண்டும், வெயில் ஏறினால் உருகிவிடும். இது அவர்களுக்கு உடனே பிடிபட்டது, தினமும் மலைக்கு ஏறுகிறவர்களாயிற்றே!

வரும் வாரம், பஞ்சத்தில் எலியாவுக்கு அப்பம் சுட்டுக் கொடுத்த சாறிபாத் விதவையின் ஒரு பிடி மாவு, 1 இராஜாக்கள் 17. அதற்குப் பிறகு எதை வாசிக்கலாம்? ரூத் கதிர் பொறுக்கியது மனதில் இருக்கிறது. வேறு பகுதிகள் சொல்லுங்கள். விசுவாசித்தால் பணம் கொட்டும் என்கிற பிரசங்கம் மட்டும் வேண்டாம், இங்கே அது எடுபடாது.

இன்னொன்று. இரண்டு அக்காமாருக்குச் சின்ன எழுத்துத் தெரிவதில்லை. பெரிய எழுத்துத் தமிழ் வேதாகமம், பழைய மொழிபெயர்ப்பு, யாரிடமாவது சும்மா இருக்கிறதா? அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஹட்டன் வரை வந்து வாங்கிக்கொள்கிறேன்.