வயசான நாய், வாந்தி நிக்கல, எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியலயாம், ஸ்கேன் எடுக்கணுமா?

கேள்வி:
எங்க லேப்ரடாருக்கு 11 வயசு. முந்தாநேத்துல இருந்து எதுவும் வயித்துல தங்கல, தண்ணி குடிச்ச கொஞ்ச நேரத்துலயே வாந்தி, மோஷனும் போகல, வயித்தைத் தொட்டா உடம்பை இறுக்கிக்கிறான். எக்ஸ்ரேல குடல்ல கேஸ் இருக்கு, முழுங்கின பொருள் எதுவும் தெரியல, ட்ரிப்ஸ் போட்டுப் பாப்போம்னு டாக்டர் சொல்றார். அப்போ அடைப்பு இல்லன்னு எடுத்துக்கலாமா? இந்த வயசுல ஆபரேஷன்னா பயமா இருக்கு.

பதில் 1:
அப்படி எடுத்துக்க முடியாதுங்க. எலும்பு, கல்லு, இரும்பு மாதிரி அடர்த்தியானதுதான் எக்ஸ்ரேல பளிச்னு தெரியும், துணி, சோளக்கட்டை, பிளாஸ்டிக் எல்லாம் நிறைய தடவை தெரியாமலே போயிடும். அதனால குடல் எவ்ளோ உப்பியிருக்குன்னு அளந்து பாக்கச் சொல்லுங்க. இடுப்புல 5வது முள்ளெலும்போட உயரத்தை வெச்சு சிறுகுடலோட அகலத்தை ஒப்பிடுவாங்க, 1.6 மடங்கைத் தாண்டினாலே சந்தேகம் வரணும், அதுக்கு மேல கூடக் கூட அடைப்பா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதைவிட முக்கியம், கொஞ்சம் குடல் நல்லா வீங்கியும் மிச்சம் சாதாரணமாவும் ரெண்டு விதமா இருக்கான்னு பாக்கணும், அப்படி இருந்தா நடுவுல எங்கயோ அடைச்சிருக்குன்னு அர்த்தம். எல்லாமே ஒரே அளவா லேசா உப்பியிருந்தா வெறும் குடல் அழற்சியாவும் இருக்கலாம்.

பதில் 2:
மேல சொன்னது சரி, ஆனா 11 வயசுங்கறதால நான் அல்ட்ராசவுண்ட் கண்டிப்பா எடுக்கச் சொல்வேன். சின்ன நாய்னா எதையாவது முழுங்கியிருக்கும்னு முதல்ல நினைப்போம், வயசானதுல குடல்லயே கட்டி வளர்ந்து வழியை அடைக்கிறது உண்டு. குடல் சுவர் ஸ்கேன்ல அடுக்கடுக்கா கோடு போட்ட மாதிரி தெரியும். ஒரு இடத்துல சுவர் தடிச்சுப் போய் அந்த அடுக்கே அழிஞ்சிருந்தா கட்டியைத்தான் முதல்ல சந்தேகப்படுவாங்க, சுவர் நல்லா இருந்து உள்ள ஏதோ ஒண்ணு பின்னாடி கருப்பா நிழல் விழுந்து தெரிஞ்சா அது முழுங்கின பொருளா இருக்கும், குடலுக்குள்ள குடல் சொருகியிருந்தா வட்டத்துக்குள்ள வட்டமா தெரியும். கேஸ் நிறைய இருந்தா ஸ்கேன் மறைக்கும், அதனால நல்லா பழகினவங்க கையில எடுக்கறது நல்லது. கட்டின்னு சந்தேகம் வந்தா ஆபரேஷனுக்கு முன்னாடியே நெஞ்சு எக்ஸ்ரேவும் எடுத்துடுங்க, நுரையீரலுக்குப் பரவியிருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணலாம்.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. ஸ்கேன் உடனே கிடைக்கலன்னா பேரியம் (எக்ஸ்ரேல குடல் வழி வெள்ளையா தெரியறதுக்காக வாய் வழியா குடுக்கற திரவம்) குடுத்துப் பாக்கலாமா?

பதில் 1:
இவ்ளோ வாந்தி எடுக்கறவனுக்கு பேரியம் மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்னு பயம் இருக்கு, குடல்ல ஓட்டை இருந்தா வயித்துக்குள்ள கசிஞ்சு இன்னும் மோசமாகும். ட்ரிப்ஸ் ஓடட்டும், சில மணி நேரம் கழிச்சு அதே எக்ஸ்ரேவைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்க, வீங்கின குடல் அதே இடத்துல அப்படியே நின்னா அடைப்பா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வீட்ல எண்ணெய், பேதி மருந்துன்னு எதுவும் குடுத்துடாதீங்க. ஈறு வெளுத்தாலோ எழுந்திருக்கவே முடியலன்னாலோ ரெண்டாவது எக்ஸ்ரேக்கெல்லாம் காத்திருக்காம அப்பவே தூக்கிட்டுப் போங்க.