புதுப்பிப்பு: கைகளில் வந்த வட்டத் தடிப்புகள் படர்தாமரை அல்ல

என் கைகளில் தோன்றிய வட்டத் தடிப்புகளைப் படர்தாமரை என்று எண்ணி முன்பு கேட்டிருந்தேன். அது எரித்திமா மல்டிஃபார்மி எனும் தோல் அழற்சி என்று தோல் மருத்துவர் உறுதிசெய்துவிட்டார். நடுவில் கருஞ்சிவப்பு, அதைச் சுற்றி வெளிறி வீங்கிய வளையம், விளிம்பில் மீண்டும் சிவப்பு என இலக்குப் பலகைபோல் மூன்று அடுக்குகள் இருந்ததும், ஒவ்வொரு தடிப்பும் ஒரு வாரத்துக்கு மேல் அதே இடத்தில் நிலைத்ததும் அவருக்குத் துப்புக் கொடுத்தன. காணாக்கடித் தடிப்பாக (திடீரெனத் தோன்றி அரிக்கும் தடிப்பு) இருந்தால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் மறைந்திருக்கும். கைகளில் தடிப்புகள் தோன்றுவதற்கு 10 நாட்களுக்கு முன் உதட்டில் வந்த ஹெர்ப்பிஸ் வைரஸ் கொப்புளத்தை நான் பொருட்படுத்தவே இல்லை. ஆனால் அந்த வைரஸின் துணுக்குகள் தோலை அடைந்ததால்தான் நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே அழற்சியைக் கிளப்பியிருக்கின்றன. இந்தத் தடிப்பு பிறருக்குத் தொற்றாது, பொதுவாக 2 முதல் 4 வாரங்களில் ஆறிவிடும். அடிக்கடி திரும்பி வருவோருக்கு அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளைப் பல மாதங்கள் தருவதுண்டு. வாயிலோ கண்ணிலோ புண் வந்தால் தயவுசெய்து ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.