பெரியப்பாவிடம் இருக்கும் பழைய தோட்டாக்கள்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டில் இருக்கிற பெரியப்பாவுக்கு .32 பிஸ்டல் லைசென்ஸ் உண்டு. காபித் தோட்டத்து வீட்டில், தாத்தா காலத்துத் தகரப் பெட்டியில் ராணுவத் தோட்டாக்கள் கிடைத்திருக்கின்றன. பெட்டிமேல் ‘7.65’ என்று மட்டும் தெரிகிறது. அவற்றைச் சுட்டுப் பார்க்கலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

7.65 என்பது மில்லிமீட்டரில் குண்டின் அளவு. 7.65 பிரவுனிங் என்றால் .32 ஏசிபிதான், அதாவது .32 பிஸ்டலில் போடுகிற தோட்டா, சரி. ஆனால் 7.65 பாராபெல்லம் வேறு தோட்டா. எது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

அடுத்தது, அந்தக் காலத்து ராணுவ ப்ரைமர்கள் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) பலவற்றில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் துப்பாக்கிக் குழலுக்குள் உப்பு தங்கி ஈரத்தை இழுக்கும். ஏற்காட்டுப் பனியில் துருப்பிடிக்கக் கேட்கவா வேண்டும்? எண்ணெயில் அந்த உப்பு கரையாது, தண்ணீர் விட்டுக் கழுவி உடனே உலர்த்தணும். இதுகூடப் பரவாயில்லை. தோட்டாவின் வெடிமருந்து கெட்டுப்போய் குண்டு பாதிக்குழலில் நின்றுவிட்டால், தெரியாமல் அடுத்ததைச் சுடும்போது குழலே வெடிக்கும். ட்ரிகரை அழுத்தியும் வெடிக்காத தோட்டா சில விநாடி கழித்து வெடிப்பதும் உண்டு. சில உறைகளில் பச்சைக் களிம்பு வேறு.

என் மனசுக்குச் சுடவே கூடாது என்றுதான் படுகிறது. சேலத்தில் ஆயுத லைசென்ஸ் வேலை தெரிந்தவர்கள், முன்னாள் ராணுவத்தினர் சொல்லுங்கள்: தாத்தா வைத்திருந்த தோட்டா பெரியப்பாவின் லைசென்ஸில் அடங்குமா? போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பதென்றால் மலையிலிருந்து நாமே எடுத்துப் போகலாமா, தகவல் சொல்லி அவர்களை வரவழைக்கணுமா?