மெட்டெல்லஸ் குடும்பம்: பாமரர் எழுச்சியா, பணக்காரர் நுழைவா?

தெற்குவாசல்:
ரோமக் குடியரசு பற்றிப் போன மாசம் நான் எழுதியதில் ஒரு வரி: "பாமர வகுப்பில் பிறந்த மெட்டெல்லஸ் குடும்பம் ரோமையே ஆண்டது." அந்த வரியைப் பிடித்துக்கொண்டு சிலர் தனியே கேட்டதால் இங்கேயே போடுகிறேன். பாட்ரீசியன் என்கிற பிறவி மேல்வகுப்பு தன் கைக்குள் வைத்திருந்தது கான்சல் என்ற உச்ச ஆட்சிப் பதவி. மற்ற எல்லாரும் பிளெபியன். கி.மு. 367-ல் லிசினியஸ், செக்ஸ்டியஸ் என்ற இரண்டு டிரிபியூன்கள் (பிளெபியர் தங்களைக் காக்கத் தேர்ந்தெடுக்கும் அதிகாரிகள்) சட்டம் கொண்டுவந்து அந்தப் பதவியைப் பிளெபியனுக்கும் திறந்துவிட்டார்கள். திறந்த வாசலில் வந்தவர்கள்தான் கேசிலியஸ் மெட்டெல்லஸ்கள். 284-ல் (இங்கே வரும் ஆண்டெல்லாம் கி.மு.தான்) முதல் கான்சல், அப்புறம் வரிசையாக. இது மக்கள் வெற்றி இல்லையா?

ஏட்டுச்சுரைக்காய்:
இல்லை. "பாமர" என்ற சொல்லிலேயே கோளாறு. பிளெபியன் என்றால் பாட்ரீசியன் அல்லாதவன், அவ்வளவுதான். அவனிடம் பத்து பண்ணை இருக்கலாம், கப்பல் இருக்கலாம்.

உங்கள் "பாமரர்" கணக்கைப் பாருங்கள். 123, 119, 117, 115, 113, 109. பதினைந்து ஆண்டுக்குள் ஆறு மெட்டெல்லஸ் கான்சல்கள். மாசிடோனியாவை வென்ற மெட்டெல்லஸ் 115-ல் இறந்தபோது பாடை தூக்கியது அவருடைய நான்கு மகன்கள். மூன்று பேர் கான்சல் பதவியைத் தொட்டவர்கள், நாலாமவர் இரண்டு வருஷம் கழித்துத் தொட்டார். இப்படி ஒரு பாமரர் வீட்டை எங்கே பார்த்தீர்கள்?

அந்தக் காலத்து ஆட்களுக்கே இது உறுத்தியது. 206-ல் ஒரு மெட்டெல்லஸ் கான்சல் ஆனபோது நேவியஸ் என்ற கவிஞர் ஒரு வரி விட்டதாகச் சொல்வார்கள். தமிழில் அச்சாக உட்காருகிறது: "தலைவிதி, ரோமில் மெட்டெல்லஸ்கள் கான்சல் ஆகிறார்கள்." லத்தீனிலும் அதே இரட்டை அர்த்தம்தான். "கவிஞன் நேவியஸுக்குக் கேடு வரும்" என்று அவர்கள் பதில் வரி விட்டார்களாம். கவிஞர் சிறைக்குப் போனார்.

தெற்குவாசல்:
பிற்காலத்தில் கொழுத்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். நான் பேசுவது வாசல் திறந்த விதத்தை. 494-ல் ஊரை விட்டு வெளியேறிக் குன்றில் போய் உட்கார்ந்தது யார்? கடன்பட்ட ஜனம். 287-ல் மறுபடி அதே கடன், மறுபடி வெளியேற்றம். பிளெபியர் அவை போடும் தீர்மானம் எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்று ஹார்ட்டென்சியஸ் சட்டம் வந்தது அதனால்தான். கூட்டம் இல்லாமல் மெட்டெல்லஸ் ஏது?

ஏட்டுச்சுரைக்காய்:
நண்பரே, நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள். 367 மசோதாவில் மூன்று விஷயம்: கடன் சுமைக் குறைப்பு, ஒருவர் வைத்திருக்கக்கூடிய பொது நிலத்துக்கு 500 யூகெரா (ரோம நில அளவு) உச்சவரம்பு, கான்சல் பதவி. ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுவதைப் படியுங்கள். ஜனம் கடனையும் நிலத்தையும் மட்டும் நிறைவேற்றிக்கொள்ளத் தயாராக இருந்தது, கான்சல் பதவி அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. மூன்றும் சேர்ந்து வந்தால் வரட்டும், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் அந்த இரண்டு டிரிபியூன்கள். கடன்பட்டவன் முதுகில் ஏறி நாற்காலியைப் பிடித்தார்கள்.

பத்து வருஷம் கழித்து நடந்தது இன்னும் ருசி. அதே லிசினியஸ் தானும் மகனுமாக 1000 யூகெரா வைத்திருந்ததற்காக, தான் போட்ட சட்டத்திலேயே அபராதம் கட்டினார்.

செல்லாக்காசு:
சண்டைக்கு நடுவில் ஒரு காசு காட்டலாமா? 127 வாக்கில் மார்க்கஸ் மெட்டெல்லஸ் அடித்த வெள்ளி தெனாரியஸ். நம்ம கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு பக்கம் ரோமா என்ற தெய்வத்தின் தலை. திருப்பினால் வட்டமாக மாசிடோனியக் கேடயம், அதன் நட்டநடுவில் ஒரு யானைத் தலை, சுற்றிலும் வாகை இலை மாலை. கேடயம் மாசிடோனியாவை வென்ற அப்பாவுடைய வெற்றி. யானை கொள்ளுத்தாத்தாவுடையது: 250-ல் சிசிலியில் பனோர்மஸ் ஊரருகே கார்த்தேஜ் படையை முறியடித்து யானைகளைப் பிடித்தவர். நூற்றுக்கு மேல் என்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி. பெரிய தாழிகளை வரிசை வரிசையாகப் பிணைத்து, அதன் மேல் தெப்பம் கட்டி, யானைகளைக் கடல் கடத்தி இத்தாலிக்குக் கொண்டுவந்தாராம். (தெப்பத்தில் ஏற யானையை எப்படிச் சம்மதிக்க வைத்தார்களோ, அதை யாராவது எழுதி வைத்திருக்கலாம்!)

காசு அடிக்கிற வேலை அரசியலில் கால்வைக்கும் பையன்களுக்கு. அரசாங்கக் காசில் குடும்ப விளம்பரம். பன்னிரண்டு வருஷத்தில் இவரும் கான்சல்.

தெற்குவாசல்:
அக்கா, அருமை. ஆனால் நான் இன்னும் சரணடையவில்லை. பிறப்பால் வருவது, கலப்பு மணத்துக்கு 445 வரை சட்டத்தடை... நம்ம ஊர் ஆளுக்கு இது எதை நினைவுபடுத்தும்? அந்தக் கோட்டைத் தாண்டினதே பெரிது என்பதுதான் என் வாதம்.

ஏட்டுச்சுரைக்காய்:
அந்த ஒப்புமை பாதி வழியிலேயே நின்றுவிடும். கேசிலியா மெட்டெல்லா என்ற ஒரே பெண்ணின் கல்யாணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கணவர் ஸ்காரஸ், அசல் பாட்ரீசியன். அவருடைய அப்பா கரி வியாபாரத்தில் இறங்கிப் பிழைக்க வேண்டியிருந்ததாகச் சொல்வார்கள். ஸ்காரஸ் இறந்த பிறகு 88-ல் சுல்லா, அவரும் பாட்ரீசியன். இளவயதில் வாடகை வீட்டில் கீழ்த்தளத்துக்கு 3000 செஸ்டர்ஸ் (ரோமக் காசு) கொடுத்துக் குடியிருந்தவர். மாடியில் இருந்தவர் விடுதலை பெற்ற அடிமை, அவர் வாடகை 2000. இந்த சுல்லா மெட்டெல்லாவைக் கட்டியபோது ஊர்ப்பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். கான்சல் பதவிக்குத் தகுதி என்று ஒப்புக்கொண்ட ஆளை, இந்தப் பெண்ணுக்குத் தகுதியில்லை என்றார்கள். மேல்வகுப்பு மாப்பிள்ளை, "பாமர" வீட்டுப் பெண். இப்போது சொல்லுங்கள், கோடு எங்கே ஓடுகிறது?

வரப்போரம்:
கோடு மாரியஸ் கதையில் ஓடுகிறது. அவரும் பிளெபியன், மெட்டெல்லஸ்களும் பிளெபியன். அவர் குடும்பம் இவர்களை அண்டிப் பிழைத்தது. ஆப்பிரிக்கப் போரில் தளபதி மெட்டெல்லஸிடம் துணைத்தளபதியாக இருந்தவர், கான்சல் தேர்தலில் நிற்க லீவு கேட்டார். "என்ன அவசரம், என் மகனோடு சேர்ந்து நில்லுங்களேன்" என்று பதில். மகனுக்கு அப்போது இருபது வயசு. மாரியஸுக்கு ஐம்பதை நெருங்குகிறது. மாரியஸ் ரோமுக்குப் போய், ஜெயித்து, 107-ல் கான்சலாகி, அதே போரின் தலைமையையும் பிளெபியர் அவை மூலம் பிடுங்கிக்கொண்டார். குடும்பத்தில் முன்னே கான்சல் உண்டா இல்லையா என்பதுதான் அப்போது சுவர். பாட்ரீசியன், பிளெபியன் எல்லாம் பெரும்பாலும் ஏட்டில்.

தெற்குவாசல்:
பெரும்பாலும், முழுக்க இல்லை! அந்தச் சுவரை இடித்த கடப்பாரை எது? டிரிபியூனும் பிளெபியர் அவையும். நான் சொன்ன வாசல்தான் அது. 60-ல் மெட்டெல்லஸ் கெலர் கான்சல். பாம்பே என்ற ரோமத் தளபதியின் படைவீரர்களுக்கு நிலம் கொடுக்கும் மசோதாவை எதிர்த்தார். ஃபிளேவியஸ் என்ற டிரிபியூன் கான்சலையே பிடித்துச் சிறையில் போட்டுவிட்டார். கெலர் செனட்டை (ரோமத் தலைவர்களின் அவை) அங்கேயே கூட்டினார். ஃபிளேவியஸ் தன் பெஞ்சைச் சிறை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். டிரிபியூனைத் தொடக்கூடாது, யாரும் உள்ளே போக முடியாது. கெலர் என்ன செய்தார்? செனட்டர்கள் வரச் சுவரை இடிக்கச் சொன்னார். கடைசியில் பாம்பேயே வெட்கப்பட்டு ஃபிளேவியஸை எழுந்துபோகச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு பெஞ்சுக்கு இத்தனை சக்தி வந்தது யாரால்?

ஏட்டுச்சுரைக்காய்:
நல்ல அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த பெஞ்சில் மெட்டெல்லஸும் உட்காரலாமே! அதுதான் அவர்களுக்கு இருந்த வசதி. பாட்ரீசியனுக்கு டிரிபியூன் பதவி கிடையாது. அதற்காகவே 59-ல் குளோடியஸ் தன்னைவிட வயசில் சின்ன ஒரு பிளெபியனுக்குத் தத்துப்பிள்ளையாகப் போனார். மெட்டெல்லஸ்களுக்கு அந்தக் கூத்து தேவையே இல்லை. 49-ல் சீசர் சனி கோயில் கஜானாவை உடைக்க வந்தபோது குறுக்கே நின்ற டிரிபியூன் யார்? லூசியஸ் மெட்டெல்லஸ். கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார் சீசர். அதைச் செய்வதைவிடச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம் என்றும் சேர்த்துக்கொண்டார். மக்கள் தலைவர் சீசர் பாட்ரீசியன். செனட்டின் பணத்துக்குக் காவல் நின்றவர் பிளெபியன், அதுவும் மக்களின் டிரிபியூன்.

செல்லாக்காசு:
சீசர் அந்தக் கஜானாவை எடுத்துவிட்டு அடித்த காசில் என்ன இருக்கிறது தெரியுமா? யானை. அதே 49-ல். மெட்டெல்லஸ்களைச் சீண்டத்தான் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அவ்வளவு உறுதியில்லை. ஆனால் நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

தெற்குவாசல்:
சரி, பழைய பதிவைத் திருத்திவிட்டேன். "பாமர வகுப்பில்" போய் "பிளெபியர் வகுப்பில்" வந்தாயிற்று. 287-ஐப் பற்றி எழுதியதில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை, ஏட்டுச்சுரைக்காய். அதற்குத் தனி இழை திறக்கிறேன், வாருங்கள்.